கண்ணாடி பார்த்து வரைந்த காயம்

மெல்பர்ன்
6 பிப்ரவரி 1984

மதிப்பிற்குரிய திரு. ஆர்ச்சி கார்மடி அவர்களுக்கு,

வணக்கம். முன்பின் பார்த்திராத ஒருவரிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். உங்கள் கன்னமுல்லா பக்கம் நாற்பத்து மூன்று டிகிரி என்று ரேடியோவில் சொன்னார்கள். நிழலில் இருங்கள்.

"கடிதம் எழுத ஆளில்லாதவர்கள் எனக்கு எழுதுங்கள், ஒரு பொம்மைப் படத்துக்கு உதவியாக இருக்கும்" என்று நான் பத்திரிகையில் போட்ட விளம்பரத்துக்கு நாற்பத்தொரு பதில்கள் வந்தன. அதில் இருபத்தொன்பது பேர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவர் குதிரை விற்கப் பார்த்தார். நீங்கள் ஒருவர்தான் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள்: "உங்கள் களிமண் பொம்மை அடி வாங்குமா?"

வாங்கும். அதனால்தான் உங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். என் கதையில் வடக்கே ரயில் வராமல் போன ஸ்டேஷனில் ஒரு மாஸ்டர் தனியாக இருக்கிறார். தெற்கே சலவைக்கடையில் எட்னா என்ற பெண் துணி தேய்க்கிறாள். இருவரும் கடைசிவரை பார்த்துக்கொள்வதில்லை. கடிதம் மட்டும்தான். எட்னாவைக் கடை முதலாளி அடிக்கிற காட்சி ஒன்று வருகிறது. ஒரு நொடிக்குப் பொம்மையைப் பன்னிரண்டு தடவை அசைத்துப் படம் பிடிக்க வேண்டும். அடி விழும் அந்த ஒரு நொடியில் முகம் என்னென்ன ஆகும்? நீங்கள் குத்துச்சண்டைக்காரர் என்று எழுதியிருந்தீர்களே, சொல்ல முடியுமா?

எனக்கு நாற்பத்தேழு வயது. வீட்டுக் கார் ஷெட்டில்தான் படம் எடுக்கிறேன். என் கணவர் டெஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்கள் பேட்டைக் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர், எல்லாருக்கும் வேண்டியவர்.

உங்கள் நலம் விழையும்,
நோரீன் கட்பர்ட்


கன்னமுல்லா
20 பிப்ரவரி 1984

அம்மணி நோரீன் அவர்களுக்கு,

நான் நிழலில்தான் இருக்கிறேன். ஓட்டலில் பாரைக் கூட்டித் துடைக்கிற வேலை, பின்கட்டில் ஒரு அறை. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று தடவை உடைந்த மூக்கும் காலிஃபிளவர் மாதிரி ஒரு காதும் உண்டு, அவை கணக்கில் வராது. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சுகம்தானே?

உங்கள் கேள்விக்கு வருமுன் ஒன்று சொல்லிவிட வேண்டும். பிறகு தெரிந்து திட்ட வேண்டாம். நான் இருபது வருடம் கூடாரச் சண்டைக்காரன். சந்தைக்குச் சந்தை கூடாரம் அடிப்போம். வாசல் மேடையில் நாங்கள் வரிசையாக நிற்க, முதலாளி முரசு அடித்துக் கூப்பிடுவார்: "யாருய்யா ஆம்பள? இந்த ஆர்ச்சிகிட்ட மூணு ரவுண்டு நின்னு காட்டு!" ஊர்க்காரன் ஏறுவான், நாங்கள் அடிப்போம். அது தொழில். 1970-இல் ஒரு பாரில் ஒருவன் என் சட்டையில் பீரைக் கொட்டிவிட்டுச் சிரித்தான். அவனை அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. பதினொரு அடி என்று கோர்ட்டில் சொன்னார்கள், நான் எண்ணவில்லை. அவன் பெயர் ரேமண்ட். இறந்துவிட்டான். எனக்கு ஆயுள் தண்டனை. பதிமூன்று வருடம் கழித்து நிபந்தனையோடு விட்டார்கள். திங்கள்தோறும் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்து. அனுமதி இல்லாமல் இந்த வட்டாரத்தைத் தாண்டினால், யார்மேலாவது கை வைத்தால், திரும்ப உள்ளே. அப்புறம் வெளியே வருவது சவப்பெட்டியில்தான்.

இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போட்டால் கோபப்பட மாட்டேன். கிழிக்கவில்லை என்றால் கேளுங்கள்.

அடி விழுந்ததும் முகத்தில் முதலில் வருவது வலி இல்லை, ஆச்சரியம். முதல் இரண்டு படத்துக்கு அதை வையுங்கள். கன்னம் அடி போகிற பக்கம் ஓடும், கண் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். வாய் தானாகப் பக்கவாட்டில் திறக்கும். தலைமுடி எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்து சேரும். முழங்கால் ஏழாவது, எட்டாவது படத்தில்தான் செய்தி கேட்கும். அடித்தவன் முகத்தையும் விட்டுவிடாதீர்கள். அவன் முகத்தில் கோபத்தைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். அடித்த அந்தக் கணத்தில் அவனுக்கு ஒரு நிம்மதி வரும். அதுதான் இருப்பதிலேயே கோரமானது. எனக்கு வந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆர்ச்சி கார்மடி


மெல்பர்ன்
12 மார்ச் 1984

அன்புள்ள ஆர்ச்சி,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்தேன், பிறகு இன்னொரு முறை படித்தேன். எனக்கு யாரும் இவ்வளவு நேராக எழுதியதில்லை. இங்கே நலம். உங்கள் ஊரில் வெயில் கொஞ்சமாவது இறங்கியதா?

நீங்கள் சொன்னபடியே எடுத்தேன். முழங்கால் எட்டாவது படத்தில் மடிகிறது. போட்டுப் பார்த்தபோது நானே பாதியில் நிறுத்திவிட்டேன். எட்னாவின் முகம், கை ஓங்கி நிற்கும் முதலாளி, ஸ்டேஷன் மாஸ்டர், மூன்றின் புகைப்படமும் இதோடு வைத்திருக்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டருக்கு உங்கள் மூக்கையும் காதையும் கொடுத்துவிட்டேன். முன்கூட்டிக் கேட்காததற்கு மன்னியுங்கள்.

ஒரு சின்ன விஷயம். இனிமேல் கடிதங்களை "வூலா மீன் கடை" என்று போட்டுக் கீழே தந்திருக்கும் முகவரிக்கு அனுப்புங்கள். எங்கள் வீட்டுத் தபால் பெட்டி சின்னது. வூலா கிரேக்கக்காரி, என் சிநேகிதி. ஒரு ஈ கூட அவளைத் தாண்டிப் போகாது.

அன்புடன்,
நோரீன்


கன்னமுல்லா
2 ஏப்ரல் 1984

அன்புள்ள நோரீன்,

இங்கே ஒரு வழியாக மழை பெய்து, தவளையெல்லாம் பாருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. குடிகாரர்களைவிட மரியாதையாக நடந்துகொள்கின்றன. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

மாஸ்டர் புகைப்படத்தை ஓட்டல் சமையல்காரனிடம் காட்டினேன். "மாஸ்டரு உன்ன விட அழகா இருக்காருய்யா" என்றான். அது கிடக்கட்டும். எட்னாவின் முகத்தில் வீக்கம் பிரமாதம். கண்ணுக்குக் கீழே கருநீலம், ஓரத்தில் மஞ்சள், உதட்டோரம் சின்னக் கிழிசல். மூன்று நாள் ஆன காயம் இப்படித்தான் இருக்கும். எங்கே கற்றீர்கள்?

ஆனால் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் சலவைக்கடை முதலாளி வலது கையில் இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறான், வலது கையைத்தான் ஓங்குகிறான். எதிரே நிற்கிறவளுக்கு வலக்கைக்காரன் அடி இடது கண்ணில் விழும். நீங்கள் எட்னாவின் வலது கண்ணை வீங்க வைத்திருக்கிறீர்கள். ஒன்று அவனை இடக்கைக்காரன் ஆக்குங்கள், இல்லையென்றால் காயத்தை மாற்றுங்கள். சண்டை பார்த்தவன் எவனும் தியேட்டரில் சிரித்துவிடுவான்.

குற்றம் கண்டுபிடிக்கும் கிழவன்,
ஆர்ச்சி


மெல்பர்ன்
9 ஏப்ரல் 1984

அன்புள்ள ஆர்ச்சி,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது, கடையில் நின்றபடியே பதில் எழுதுகிறேன். வூலா மீனைப் பொரித்துக்கொண்டே எட்டிப் பார்க்கிறாள். நீங்கள் நலம் என்று தெரிந்து மகிழ்ச்சி.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காயத்தைப் புள்ளி புள்ளியாகக் கண்ணாடியில் பார்த்து வரைந்தேன். ஒரு நிறம்கூடக் கற்பனை இல்லை. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். கண்ணாடியில் எந்தப் பக்கம் தெரிந்ததோ, எதிரே வைத்த பொம்மையிலும் அதே பக்கம் வரைந்துவிட்டேன். பொம்மைக்கு அது வலது பக்கம் ஆகிவிட்டது. பொம்மைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் பிழை. இருபது வருடம் கழித்து நான் செய்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. மாற்றிவிடுகிறேன்.

அவசரத்தில்,
நோரீன்


கன்னமுல்லா
23 ஏப்ரல் 1984

அன்புள்ள நோரீன்,

நலமா என்று ஒப்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சிரிக்கிற முகமா, அழுகிற முகமா என்று கண்ணாடி பார்த்துப் பொம்மை செய்வார்கள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் இல்லாத காயத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. காயம் முகத்தில் இருந்தால்தான் கண்ணாடியில் தெரியும்.

உங்கள் இடது கண்ணில், மூன்று நாள் ஆன காயம். அடித்தவன் வலக்கைக்காரன். உங்கள் வீட்டில் எத்தனை வலக்கைக்காரர்கள் இருக்கிறார்கள்?

ஆர்ச்சி


மெல்பர்ன்
3 ஜூலை 1984

அன்புள்ள ஆர்ச்சி,

பத்து வாரமாக எழுதாததற்கு மன்னிக்கவும். குளிர் தொடங்கிவிட்டது. உங்களுக்குச் சளி, இருமல் இல்லையே? எனக்கு எல்லாம் நலம்.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், இடது கையால் எழுதுகிறேன். ஷெட் படியில் வழுக்கி விழுந்துவிட்டேன். வலது கையில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு உடைந்துவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டிருக்கிறார். படம் நின்று கிடக்கிறது. எட்னாவின் காயத்தை மட்டும் மாற்றிவிட்டேன், இப்போது சரியான கண்ணில் இருக்கிறது.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டது நல்ல எண்ணத்தில்தான் என்று தெரியும். இனிமேல் அப்படி எழுத வேண்டாம். டெஸ்ஸை இந்தப் பேட்டையில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். கிளப் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான்.

உங்கள் ஊர்த் தவளைகள் என்ன ஆயின?

அன்புடன்,
நோரீன்


கன்னமுல்லா
16 ஜூலை 1984

அன்புள்ள நோரீன்,

நான் சுகம். தவளைகள் போய்விட்டன, குடிகாரர்கள் இருக்கிறார்கள்.

விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார், மணிக்கட்டுதான் போகும். நூறு தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்கிற எலும்பு விழுந்து உடையாது. தலைமேல் வருகிற ஒன்றைத் தடுக்கக் கையைக் குறுக்கே தூக்கினால் உடையும். பாரில் பில்லியர்ட்ஸ் கோலால் அடி வாங்கியவர்களுக்கு அந்த இடத்தில்தான் உடையும். அவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும், நல்லதுதான். கையில் என்ன வைத்திருந்தார்?

நீங்கள் என்னை வாயை மூடச் சொன்னீர்கள். மூட மாட்டேன். அடிக்கிறவனை எனக்கு நன்றாகத் தெரியும், அவனோடு அறுபத்திரண்டு வருடம் ஒரே சட்டைக்குள் இருந்திருக்கிறேன். அவன் தானாக நிறுத்த மாட்டான். ரேமண்ட் கேட்டான், "போதும், போதும்" என்று. என் காதில் விழுந்தது. நிறுத்தவில்லை.

போலீசுக்குப் போனீர்களா? ஒரு வார்த்தை எழுதுங்கள், நான் வருகிறேன்.

ஆர்ச்சி


மெல்பர்ன்
6 ஆகஸ்ட் 1984

அன்புள்ள ஆர்ச்சி,

நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன். வரவில்லை. நலமில்லை.

கையில் வைத்திருந்தது கேமரா ஸ்டாண்டின் இரும்புக் கால். பத்தொன்பது வருடமாக நடக்கிறது. முதல் அடி தேனிலவில் விழுந்தது, ரொட்டி கருகியதற்கு. எழுத எழுத ஏதோ இறங்குகிறது.

போன ஞாயிறு மத்தியானம் ஷெட்டுக்கு வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"யாருடி இந்தக் கெழவன்?"

"படத்துல வர்ற ஸ்டேஷன் மாஸ்டருங்க."

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு மூக்கு ஏன்டி உடைஞ்சிருக்கு? எவனையாவது பாத்துச் செஞ்சியா?"

பொம்மையின் தலையைத் திருகிப் பிடுங்கினார். அப்புறம் எட்னா. அப்புறம் அலமாரியில் இருந்த எல்லாரும். முப்பத்தெட்டுப் பொம்மைகளை ஷூ காலால் தரையோடு தேய்த்தார். பிறகு என் தலைமுடியைப் பிடித்து, என் முகத்தை அந்தக் களிமண்ணில் வைத்து அழுத்தினார். "மூச்சு விடு பாக்கலாம், மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே. மூக்குக்குள் களிமண் போய்விட்டது. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பக்கத்து வீட்டில் போன் செய்திருக்கிறார்கள். போலீஸ்காரர் வந்தார். நான் முகம் முழுக்கக் களிமண்ணோடு நிற்கிறேன். அவர் உள்ளே வந்ததும் கேட்ட முதல் கேள்வி:

"என்ன டெஸ், இந்த வருஷம் நம்ம பசங்க ஃபைனல் போயிடுவாங்களா?"

"போவாங்க, போவாங்க. நீங்க ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

போகும்போது என்னிடம் சொன்னார்: "அம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டைக்கெல்லாம் நாங்க என்ன பண்றது? உக்காந்து பேசிக்குங்க. முகத்தக் கழுவுங்க மொதல்ல."

இந்த மாதமே வீட்டை விட்டுப் போய்விட நினைக்கிறேன். வூலா மாடியறை தருகிறேன் என்கிறாள். போனால் கொன்றுவிடுவேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். சும்மா சொல்கிறவர் இல்லை.

நீங்கள் மட்டும் வரக்கூடாது. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீங்கள் வந்தால் அவரைக் கொன்றுவிடுவீர்கள், அந்தச் சாவும் என் தலையில் விழும். அவர்மேல் கை வைக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணுங்கள். பதிலில் அதை எழுதுங்கள்.

நோரீன்


மெல்பர்ன்
27 ஆகஸ்ட் 1984

கார்மடி ஐயாவுக்கு,

மீன் கடை வூலா எழுதுவது. எனக்கு எழுத்து சுமார்தான், பொறுத்துக்கொள்ளவும். உங்கள் உடம்பு நன்றாக இருக்கட்டும். ஒருத்தர் உடம்பாவது நன்றாக இருக்கட்டும்.

நோரீன் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெட்டியோடு கடைக்கு வந்தாள். மாடிக்கு அனுப்புமுன் அவன் பின்னாலேயே வந்துவிட்டான். சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. சிரித்த முகம். "ரொம்ப தேங்க்ஸ் வூலா, அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல, டாக்டர் கிட்ட காட்டிட்டிருக்கேன்" என்றான். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டான். கடையில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டு அவளைப் போகவிட்டேன். கொதிக்கிற எண்ணெய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வேன்?

ஒரு மணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. பற்களைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், குழாய் வைத்துக் கஞ்சி உறிஞ்சுகிறாள். படியில் விழுந்ததாக அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். தினமும் பூ கொண்டுவருகிறான், நர்சுகள் மயங்குகிறார்கள். ஏழாம் தேதி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். அவன் வீட்டுக்குத்தான்.

பேட்டை முழுக்க அவன் கிளப் பேச்சுத்தான். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி சனிக்கிழமை இறுதி ஆட்டமாம், அவன் மைக்கில் பேசப் போகிறானாம். ஊரே கை தட்டும்.

அவளால் எழுத முடியாது. கடைசியாகக் காகிதத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினாள்: "ஆர்ச்சி சத்தியம் பண்ணினாரா?"

வூலா


பிரிஸ்பேன், சிறை மருத்துவமனை
20 அக்டோபர் 1984

அன்புள்ள நோரீன்,

தாடைக் கம்பியை எடுத்துவிட்டார்களா? கெட்டியாக ஏதாவது சாப்பிட முடிகிறதா? முதலில் அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

சத்தியத்தை லாரியில் உட்கார்ந்துதான் பண்ணினேன். திங்கள் கையெழுத்துப் போட்டேன். வியாழன் காலை தெற்கே ஆடு ஏற்றிப் போகிற லாரியில் தொற்றிக்கொண்டேன். இரண்டு நாள் முழுக்க யோசனை ஒன்றுதான். அவன் உங்களை அடித்தால் அது வீட்டு விஷயம். அதற்குச் சட்டத்திடம் காது இல்லை. வேறு யாரையாவது, நாலு பேர் பார்க்க அடித்தால்?

வூலா கடையில் மீன் சாப்பிட்டேன். உங்கள் தெரு வழியாகத்தான் மைதானத்துக்குப் போனேன். பச்சைக் கதவு. நீங்கள் உள்ளே இருந்தீர்கள் என்று தெரியும். நிற்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் சத்தியம் போயிருக்கும்.

இடைவேளையில் டெஸ் பார் பக்கம் நண்பர்களோடு நின்றான். உங்கள் போலீஸ்காரரும் கூடவே, கறி பன்னைத் தின்றுகொண்டு. நான் கோட்டுப் பாக்கெட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு போனேன்.

"டெஸ் கட்பர்ட் நீங்கதானா?"

"ஆமா பெரியவரே. டிக்கெட்டு வேணுமா?"

"வேணாம். பொண்டாட்டி தாடைய எந்தக் கையால உடைச்சீங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவன் சிரித்தான்.

"யாருப்பா இந்தக் குடிகாரன உள்ள விட்டது?"

"கையத் தூக்கிக் கெஞ்சுற பொம்பளய இரும்புக் கம்பியால அடிச்சியேடா. என்னை அடிக்க மாட்டியா? அறுபத்திரண்டு வயசு, கை ரெண்டும் பாக்கெட்ல இருக்கு. இதவிடச் சுலபமான ஆளு உனக்குக் கெடைக்காது. இல்ல, நாலு பேர் பாத்தா உனக்குக் கை வராதா?"

வந்தது. வலது கைதான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினேன். அந்த நிம்மதி வந்தது. ஊரே பார்க்க வந்தது. மூன்றாவதில் இடது கண் போய்விட்டது, ஒரு திராட்சை நசுங்கினாற்போல் உள்ளே கேட்டது. ஆறாவதில் விழுந்தேன். "போதும் டெஸ், விட்டுருடா!" என்று அவன் ஆட்களே கத்தினார்கள். அவன் காலால் தொடங்கினான். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் போயின. கை வெளியே வரப் பார்த்தது, நோரீன். பொய் சொல்ல மாட்டேன். அவன் கணுக்கால் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது, ஒரு இழுப்பு போதும். என் வலது கை பாக்கெட்டுத் துணியைக் கிழித்துவிட்டது. ஆனால் வெளியே வரவில்லை.

போலீஸ்காரர் பன்னை எறிந்துவிட்டு அவன்மேல் விழுந்து பிடித்தார். "டெஸ், விடுய்யா, செத்துருவாருய்யா!" கூட்டத்தில் எங்கேயோ ஒரு பெண் குரல்: "இப்படித்தான் அவளையும் அடிச்சானா?"

அதற்கப்புறம் எனக்கு நினைவில்லை.

வட்டாரத்தைத் தாண்டியதற்காக என்னைத் திரும்ப உள்ளே போட்டுவிட்டார்கள். சரிதான், சட்டம் அதுதான். மிச்சக் கண்ணால் எழுதுகிறேன், வரி கோணியிருந்தால் சிரிக்காதீர்கள். நீங்கள் கோர்ட்டில் பேசுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

ஆர்ச்சி


மெல்பர்ன்
13 ஜனவரி 1985

அன்புள்ள ஆர்ச்சி,

கம்பியை எடுத்துவிட்டார்கள். ஆப்பிள் கடிக்க முடியவில்லை, ரொட்டி பரவாயில்லை. தாடை ஒரு பக்கம் கோணி நிற்கிறது. உங்கள் விலா எலும்பு கூடிவிட்டதா? கண் வலி குறைந்ததா? சிறைக்கே போன் செய்து கேட்டேன், உறவுக்காரர் இல்லையென்றால் சொல்ல மாட்டார்களாம்.

கோர்ட்டில் பேசினேன். கூண்டில் ஏறி முதல் அடியிலிருந்து சொன்னேன். உங்களை அடித்த வழக்குக்குச் சாட்சி சொல்ல நானூறு பேர் தயாராக இருந்தார்கள், அது முதலில் நடந்தது. அதற்குப் பிறகு யாராலும் நான் படியில் விழுந்தேன் என்று சொல்ல முடியவில்லை. பூவுக்கு மயங்கிய நர்சு ஒருத்தி வந்து தாடையின் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் போலீஸ்காரரையும் ஏற்றினார்கள். "களிமண்ணோட நின்னாங்க, முகத்தக் கழுவச் சொன்னேன்" என்றார். நீதிபதி அவரை இரண்டு தடவை அதைத் திருப்பிச் சொல்ல வைத்தார். டெஸ்ஸுக்கு ஆறு வருடம். கொண்டுபோகும்போது என்னைப் பார்த்து, "இஸ்திரி போட்ட சட்டைங்க அலமாரில இருக்கு, அத எடுத்துட்டு வா" என்றார். ஆறு வருடம் என்பது அவருக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும்தான்.

உங்கள்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. சத்தியம் கேட்டேன். கண்ணைக் கேட்டேனா? உங்கள் மிச்ச வாழ்க்கையைக் கேட்டேனா? என்னைக் கேட்காமல் என் விஷயத்தில் முடிவெடுக்கிற ஆண்பிள்ளை எனக்கு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். சில நாள் உங்களை நினைத்து அழுகிறேன், சில நாள் பாத்திரத்தை எறிகிறேன். நேற்று ஒரு நல்ல கோப்பை போய்விட்டது. உடைந்த சத்தம் கேட்டு யாரும் வரவில்லை. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன்.

பிரிஸ்பேனுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். பார்வையாளர் விண்ணப்பத்தில் "கைதிக்கு என்ன உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. வூலா, "தங்கச்சின்னு போடுடி, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றாள். அரை நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் "கடிதம் எழுதுகிறவள்" என்று எழுதினேன். அனுமதி வந்துவிட்டது. அங்கே எவரோ நல்ல மனிதர் இருக்கிறார்.

பிப்ரவரி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. அரை மணி நேரம்தான் தருவார்களாம். முதல் பத்து நிமிடம் உங்களைத் திட்டப் போகிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். மிச்சம் இருபது நிமிடத்துக்கு என்ன பேசுவது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீங்கள் யோசித்து வையுங்கள்.

நோரீன்